பெரட்டு எங்க எடுப்பாங்க?

2021இல் என் அக்கா மகள் புது வேலையில் சேர்ந்தாள். நிறுவனம் கோலாலம்பூரில், அவள் சிரம்பானில், வீட்டின் பின்னறையில். மடிக்கணினி கூரியரில் வந்தது. முதல் மூன்று மாதம் உடன் வேலை செய்பவர் ஒருவரைக்கூட அவள் நேரில் பார்க்கவில்லை. “தெரியாதத யார்கிட்ட கேக்குறதுன்னே தெரியல மாமா. மெசேஜ் போட்டா தொந்தரவுன்னு நெனப்பாங்களோன்னு இருக்கு” என்றாள். பக்கத்தில் இருந்த என் அம்மா, ரந்தாவ் பக்கத் தோட்டமொன்றில் பால் வெட்டியவர், கேட்டார்: “அப்ப பெரட்டு எங்க எடுப்பாங்க?”

சிரித்துவிட்டோம். பிறகு யோசித்துப் பார்த்தால் அது சரியான கேள்விதான்.

நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில் ஒரு நாள் பெரட்டுக்களத்தில்தான் தொடங்கியது. விடியுமுன் கூடி, பேர் கொடுத்து, தண்டல் சொல்லும் நெரைக்குப் போக வேண்டும். புதிதாக வந்தவர் தனியாள் இல்லை. கங்காணி தன் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும்தான் ஆள் பிடித்தார். 1938இல் இந்திய அரசு தோட்டக்கூலிகளின் பயணத்துக்குத் தடை போடும்வரை இதுதான் பெரிய வழி. அதனால் லயத்தில் யாரோ ஒரு சித்தப்பா, யாரோ ஒரு அத்தை ஏற்கெனவே இருந்தார்கள்.

பால் வெட்டு சொல்லிப் புரிகிற வேலையும் இல்லை. உளி ஆழம் போதாவிட்டால் பால் குறையும். கொஞ்சம் ஆழமாகிவிட்டால் மரம் காயப்பட்டு, புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அடுத்த சுற்றில் அங்கே வெட்ட முடியாது. இடையில் இருப்பது ஒரு மில்லிமீட்டர் கணக்கு. பக்கத்து நெரைக்காரியின் மணிக்கட்டைப் பார்த்துத்தான் அம்மா கற்றுக்கொண்டார். என் அக்கா மகளுக்குக் கிடைக்காமல் போனது இந்த மணிக்கட்டுதான்.

இதோடு நிறுத்தினால் தோட்டத்தைப் பற்றிப் பொய் சொன்னவனாவேன். அந்த நெருக்கத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு. லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். தண்டலின் குரல் அடுப்படி வரை கேட்கும். வேலையிடத்துக்குள்ளேயே குடியிருப்பவருக்கு வேலை முடிந்து போக இடமில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பாருங்கள். கூலி உயர்வு மட்டும் கேட்கவில்லை. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லக் கூடாது என்றார்கள். உறவினரும் நண்பரும் தடையில்லாமல் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும் என்றார்கள். சொந்த வீட்டுக்கு விருந்தாளி வர அனுமதி கேட்டுப் போராட வேண்டியிருந்தது!

அதே காலத்தில் தூரத்திலிருந்து வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள். பல தோட்டக் கம்பெனிகளின் இயக்குநர்கள் லண்டனில் உட்கார்ந்திருந்தார்கள். ஏஜென்சி நிறுவனங்கள் நிர்வாகத்தைக் கவனித்தன. எப்போதாவது ஓர் ஆய்வாளர் வந்து பார்த்து அறிக்கை எழுதினார். மரத்தையே பார்க்காதவர் மரத்தைப் பற்றி முடிவெடுக்கலாம். மரத்தடியில் நிற்பவர் நகரக் கூடாது. தூரம் என்பது அன்றைக்கே ஒரு சலுகை, பதவிக்கு ஏற்பக் கிடைத்த சலுகை.

ஆனால் அந்தப் பெரட்டுக்களம்தான் சங்கத்தையும் சாத்தியமாக்கியது. ஒரே இடத்தில் தினமும் நிற்பவர்கள் பேசிக்கொள்வார்கள். 1946இல் நெகிரி செம்பிலானில் இந்தியத் தொழிலாளர் சங்கம் உருவானது. அதில் முன்னணியில் நின்ற பி.பி. நாராயணன்தான் பின்னர், 1954இல் பல சங்கங்கள் இணைந்து தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் பிறந்தபோதும் தலைமையில் இருந்தார். மெசேஜ் போடவே தயங்கும் ஒரு புது ஊழியர் சம்பளத்தைப் பற்றி யாரிடம் பேசுவார்?

18 மார்ச் 2020 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, நம் வீடுகள் ஒரே நாளில் அலுவலகங்களாயின. வீடு நம்முடையதுதான், வாடகையும் மின்கட்டணமும் நம்முடையதுதான். ஆனால் இரவு பத்து மணிக்கும் மேலாளரின் செய்தி வரும்போது, தண்டலின் குரல் மறுபடி அடுப்படிக்கு வந்துவிட்டது என்றுதான் தோன்றுகிறது. லயத்தில் நெருக்கமும் இருந்தது, கண்காணிப்பும் இருந்தது. பின்னறையில் கண்காணிப்பு மட்டும் மிஞ்சியது. செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கோ இந்தப் பேச்சே பொருந்தாது. அவருக்கு அன்றும் இன்றும் மரத்தடிதான்.

1 ஜனவரி 2023 முதல் நடப்பிலுள்ள வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, வேலை நேரத்தையும் இடத்தையும் மாற்றக் கேட்டு ஊழியர் எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணம் தர வேண்டும். கேட்கும் உரிமை வந்திருக்கிறது. முடிவெடுப்பது இன்னும் அந்தப் பக்கம்தான்.

அக்கா மகள் இப்போது வாரம் இரண்டு நாள் கொம்யூட்டர் ஏறிக் கோலாலம்பூர் போகிறாள். பக்கத்து மேசை அக்காவிடம் நிறையக் கற்றுக்கொண்டதாகச் சொன்னாள். அம்மா கேட்டார்:

“எந்த ரெண்டு நாளுன்னு யாரு சொல்றது? நீயா, அவங்களா?”

“அவங்கதான் பாட்டி.”

“ம்ம்” என்றார் அம்மா. வேறொன்றும் சொல்லவில்லை.