இசைத்தட்டின் விட்டமும் ஆயுளும்

மஸ்கெலியாத் தோட்டமொன்றிற் கணக்கப்பிள்ளையாயிருந்த என் பாட்டனார் விட்டுச்சென்ற தகரப் பெட்டியிலே பழைய கிராமபோன் இசைத்தட்டுகள் சில இருந்தன. 10 அங்குலத் தட்டுகள் கீறலுடனேனும் பாடின. இருந்த ஒரேயொரு 12 அங்குலத் தட்டோ வளைந்து, விளிம்பு பிளந்து கிடந்தது. மலைநாட்டு ஈரத்தையே வீட்டார் பழித்தனர். ஒரு தட்டைக் கொண்டு விதி வகுத்தலாகாது. எனினும் அளவுக்கும் இதிற் பங்குண்டு என்பதை இசைத்தட்டின் வரலாறு காட்டும்.

எமில் பேர்லினர் 1890களில் வெளியிட்டவை 7 அங்குலத் தட்டுகள். 1901இல் 10 அங்குலமும் 1903இல் 12 அங்குலமும் வந்தன. 1902இல் கல்கத்தாவிற் பாடிய கௌஹர் ஜான், பாட்டின் முடிவில் தம் பெயரையுங் கூறினார். தட்டு வார்க்கப்பட்டது ஜேர்மனியின் ஹனோவர் நகரிலாதலின், அங்குள்ளோர் பாடியவரை அறிதல் வேண்டும். தட்டுக்கான அரக்கோ இந்தியாவின் விளைபொருள்! 1908இல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை எழுந்தது.

அரக்குடன் கற்பொடியும் கரியும் கலந்து, சூட்டில் இளக்கி, அச்சுகளிடையே அழுத்தித் தட்டு செய்தனர். விட்டம் 10இலிருந்து 12 அங்குலமாயின் பரப்பு 44 வீதம் பெருகும். கலவை விளிம்புவரை சீராகப் பரவுதலும், எங்கும் ஒருபடித்தாய்க் குளிர்தலும் அரிதாகும். சிறு வளைவும் விளிம்பிற் பெரிய ஏற்றத்தாழ்வாகும். அரக்கு வளைந்துகொடாது, உடையும். தமிழிசைத் தட்டுகள் பெரும்பாலும் 10 அங்குலத்திலேயே அமைந்தன. இதன் விலையைச் செலுத்தியது பாட்டு. ஒரு பக்கத்துக்குக் கிடைத்தது 3 நிமிடமளவே. ஆலாபனை சுருங்கிற்று, நாடகங்கள் பல தட்டுத் தொகுதிகளாயின.

1948இல் வினைல் வந்தபோது 12 அங்குலம் செல்வாக்குப் பெற்றது. பொருள் மாறியதும் ஒரு காரணம்; வினைல் வளையும், எளிதில் உடையாது.

கணனித் தட்டு எதிர்த்திசையிற் சென்றது. 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் 24 அங்குலத் தட்டுகள் ஐம்பதை அடுக்கி 50 இலட்சம் எழுத்துகளைச் சேமித்தது. தட்டு பெரிதாயின் அதிர்வும் காற்றுத்தடையும் மிகும். தலைப்பகுதியோ தட்டைத் தொடாது மயிரிழையினும் குறைந்த இடைவெளியில் மிதத்தல் வேண்டும். எனவே 1980இல் 5.25 அங்குலமும், 1983இல் 3.5 அங்குலமும் வந்தன. பின்னர் நிமிடத்துக்கு 15,000 முறை சுழன்ற வன்தட்டுகளிற் பெட்டியின் அளவு மாறாதபோதும் உள்ளிருந்த தட்டுகள் மேலுஞ் சிறுத்தன.

பாட்டனாரின் 10 அங்குலத் தட்டுப் பாடல்கள் இப்போது அத்தகைய வன்தட்டொன்றில் உள்ளன. 12 அங்குலத் தட்டில் இருந்தது எப்பாட்டு என்பதை, அதன் ஒட்டுத்தாளும் உரிந்துபோனமையால், நாம் அறியோம்.