மாலுமியின் கிண்ணமும் மரமேறியவரின் உழைப்பும்

பிரித்தானியக் கடற்படையின் வரலாற்றை எழுதுவோர் ‘குறொக்’ என்னும் பானத்தைத் தவறாது குறிப்பிடுவர். 1740ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் கடற்படைத் தளபதி எட்வேர்ட் வேர்னன், மாலுமிகளுக்குரிய றம்முடன் நான்கு பங்கு நீர் கலந்தே வழங்குதல் வேண்டும் எனக் கட்டளையிட்டார். வெறும் றம் அவர்களை நிலைகுலையச் செய்தமையே காரணம். விரும்புவோர் சீனியும் தேசிக்காயும் வாங்கிச் சேர்க்கலாம் என்றும் அக்கட்டளை கூறிற்று.

ஆயின் இக்கலவை வேர்னனுக்கு ஒரு நூற்றாண்டு முற்பட்டது. ‘பஞ்ச்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் முதன்முதற் காண்பது, 1632இல் சோழமண்டலக் கரையின் வடபாலிருந்த பெத்தபொலி வணிகருக்கு எழுதப்பட்ட கடிதத்திலாகும். சாராயம், தேசிப்புளி, சீனி, நீர், வாசனைப் பொருள் என ஐந்து சேர்வதால் ‘பஞ்ச’ என்ற இந்தியச் சொல்லே பெயராயிற்று என்பர். இதனை மறுக்கும் அறிஞரும் உளர். 1731ஆம் ஆண்டின் கடற்படை விதிகள் றம்முக்கு ஈடாகச் சாராயத்தையும் ஏற்றுக்கொண்டன.

செய்முறை எளிது. சீனியைத் தேசிப்புளியிற் கரைத்துச் சாராயமும் நீரும் சேர்த்து, மேலே சாதிக்காயைத் துருவித் தூவுவர்.

பத்தாவியச் சாராயம் கரும்புப் பாகிலிருந்து வந்தது. இலங்கைச் சாராயமோ தென்னங்கள்ளிலிருந்து வடிக்கப்பட்டது. விரியாத பாளையைக் கட்டி, தட்டி, நாள்தோறும் நுனி சீவினாலே சாறு வடியும். தென்மேற்குக் கரையில் மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றின்மேல் நடந்தே கள்ளிறக்கினர். கால் தவறினால் உயிர் தப்புவது அரிது.

பிரித்தானியர் ஆட்சியில் சாராயக் குத்தகை அரசுக்குப் பெருவருவாய் ஈட்டிற்று. மரமேறியவருக்கு மதிப்புக் கிட்டவில்லை. யாழ்ப்பாணத்தில் பனையேறிய சீவல் தொழிலாளரின் கள்ளை விரும்பிய சமூகமே அவரைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தியது. ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைவுரிமை கோரி 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நடத்திய போராட்டத்தை மூத்தோர் அறிவர்.

கடற்படையின் றம் பங்கீடு 1970 யூலை 31இல் நிறுத்தப்பட்டது. அந்நாளை இந்நாட்டவர் இன்றும் நினைவுகூர்கின்றனர். தோர்ண்டன் ஹீத்தில் வளரும் நம் பிள்ளைகள் வேர்னனின் பெயரை இங்குள்ள நூலகத்திற் படித்தறியலாம். பாளை சீவியவரின் உழைப்பையும், அவருக்கு நம் ஊர் இழைத்த அநீதியையும் அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியவர்கள் பெற்றோராகிய நாமே.