விற்பனைக்கு வந்த குரல்களும் வராத குரல்களும்

செஞ்சிக்கு வடக்கே சுமார் நான்கு கிலோமீட்டர் தொலைவில் சிங்கவரம் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூர்க் குன்றில் பல்லவர் காலத்துக் குடைவரையான அரங்கநாதர் கோயில் இருக்கிறது. 1714ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாப் சஆதத்துல்லாஹ் கானின் படையை எதிர்த்துப் போரிட்டு மாண்ட இளைஞன் தேசிங்கு, களம் புகுமுன் இக்கோயிலுக்குச் சென்றான் என்று நாட்டுப்புறக் கதைப்பாடல் சொல்கிறது. அவனுடைய உயிர்த்தோழன் மகபத் கான் என்னும் முஸ்லிம் வீரன் என்றும் அதே பாடல் சொல்கிறது. மணக்கோலத்தில் இருந்த மகபத் கான், நண்பனின் அழைப்புக் கிடைத்ததும் திருமணத்தை விட்டெழுந்து வந்து, அவனுக்காகப் போரிட்டு உயிர் துறக்கிறான்.

வென்றவர் ஒரு முஸ்லிம் நவாப். அவர் பெயரால் வழங்கும் பள்ளிவாசல் இன்றும் செஞ்சிக் கோட்டைக்குள் நிற்கிறது. ஆயினும் ஊர்மக்கள் பாடியது தோற்றவனையும், அவனோடு மடிந்த முஸ்லிம் தோழனையும்தான். இரு சமூகத்தாரின் நட்பைப் பற்றி இப்பகுதி வைத்திருக்கும் மிகப் பழைய சாட்சிகளுள் ஒன்று இப்பாடல். இது நம் காலம்வரை வந்து சேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இது விற்பனைக்கு வந்தது. ‘பெரிய எழுத்து’ப் புத்தகமாகச் சந்தைகளில் மலிவு விலைக்குக் கிடைத்தது. 1960இல் எம்.ஜி.ஆர். நடிப்பிலும் ஜி. ராமநாதன் இசையிலும் திரைப்படமாயிற்று. விலைக்கு வந்தது நிலைத்தது. விலைக்கு வராதவை என்ன ஆயின என்பதே நாம் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி.

குரலை விற்கும் தொழில் இந்தியாவுக்கு வந்தது 1902இல். அவ்வாண்டு கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரலைப் பதிவு செய்தார். தம் பாடலின் முடிவில் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் அறிவித்த அவர் இஸ்லாத்தை ஏற்ற குடும்பத்தைச் சேர்ந்தவர். நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாட முடியும். நீண்ட நாடகங்களைப் பல தட்டுகளாகப் பிரித்துத் தொகுதியாக விற்றார்கள். தட்டுகளைச் செருகி வைக்கும் உறைகளைப் புத்தகம் போலத் தைத்திருந்தமையால் அதற்கு ‘ஆல்பம்’ என்னும் பெயர் வந்தது. இன்று பாப், நாட்டுப்புறம், ஜாஸ் என்று வகைபிரித்து விற்கப்படும் ஆல்பம் அனைத்திற்கும் மூலம் அந்த அட்டைப் புத்தகமே.

இந்த மூன்று நிமிட அளவு சிறிய செய்தியன்று. நம் முன்னோர் ‘கிஸ்ஸா’, ‘மசலா’, ‘நாமா’, ‘படைப்போர்’ எனப் பல இலக்கிய வகைகளைத் தமிழுக்குத் தந்தவர்கள். வண்ணப் பரிமளப் புலவரின் ‘ஆயிர மசலா’ 1572இல் அரங்கேறியது. இவை மக்கள் கூடியிருக்க, ஒருவர் இராகத்தோடு வாசிக்க, நெடுநேரம் கேட்பதற்கென்றே அமைந்தவை. மூன்று நிமிடத் தட்டில் இவற்றுக்கு இடமில்லை. பல்லவியும் இரண்டு மூன்று சரணமும் கொண்ட குறும்பாடலுக்கே அங்கே இடமிருந்தது.

மார்க்க அறிஞர்களையும் இப்புதுக் கருவி சிந்திக்க வைத்தது. 1899இலேயே பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், செய்யிது உஸ்மான் என்னும் அறிஞர் ஃபோனோகிராபில் குர்ஆன் ஓதலைக் கேட்பது குறித்துத் தம் கருத்தை எழுதினார். ஓதுபவர் இல்லாத இடத்தில் ஒலிக்கும் ஓசைக்கு ஓதலுக்குரிய நிலை உண்டா என்பது அக்காலத்தின் கடினமான வினா. அறுபது ஆண்டுகளுக்குப் பின் எகிப்தில் லபீப் அஸ்ஸயீத் என்பவர், திருமறை முழுவதையும் பிழையற்ற ஓதலில் பதிவு செய்து பாதுகாக்க வேண்டும் என்று முயன்றார். அதன் பயனாக 1961இல் ஷைகு மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி அவர்களின் முழுக் குர்ஆன் ஓதல் இசைத்தட்டுகளாக வெளிவந்தது. ஐயத்தோடு பார்க்கப்பட்ட கருவி பாதுகாப்பின் கருவியாயிற்று.

இசைக்கருவிகள் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பெருநாளன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரு சிறுமியர் பாடியதை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை என்பது நாம் அறிந்த செய்தி. தப்ஸை அனுமதித்து, ஏனைய கருவிகளைத் தவிர்க்கச் சொன்னோர் பலர். அந்த விவாதத்தை இக்கட்டுரை தீர்க்க முற்படவில்லை. எந்தப் பக்கம் நின்றாலும், பாடலின் சொற்கள் நம் வரலாறு என்பதை மறுக்க இயலாது.

தமிழ் முஸ்லிம் இல்லங்களுக்குள் இசைத்தட்டைக் கொண்டுவந்த பெருங்குரல் நாகூர் இ.எம். ஹனீபா அவர்களுடையது. 1925இல் இராமநாதபுரத்தில் பிறந்து, முறையான இசைப் பயிற்சியின்றி மேடையேறி, 2015 ஏப்ரல் 8 அன்று மறைந்தவர். புலவர் ஆபிதீன், கிளியனூர் அப்துல் சலாம் போன்றோரின் வரிகளை அவர் குரல் ஊர்தோறும் கொண்டு சென்றது. அப்துல் சலாம் எழுதிய ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ பிற சமயத்தார் இல்லங்களிலும் ஒலிக்கிறது. 1950களில் அண்ணாவைப் போற்றும் பாடலைப் பதிவு செய்ய இசைத்தட்டு நிறுவனம் தயங்கியபோது, அதை ஏற்காவிடில் இஸ்லாமியப் பாடல்களையும் தாம் பாடப் போவதில்லை என்று அவர் உறுதியாக நின்றதையும், வெளிவந்த பின் அத்தட்டு பெருமளவில் விற்றதையும் அவரைப் பற்றி எழுதுவோர் தவறாமல் குறிப்பிடுவர். எந்தக் குரல் நிலைக்க வேண்டும் என்பதை விற்பவர் முடிவு செய்ய விடாத ஒரு பாடகரை அந்நிகழ்ச்சி காட்டுகிறது.

கடல் கடந்தும் இப்படியொரு சான்று உண்டு. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் பிறந்த ஜாஸ் இசைக் கலைஞர் அப்துல்லாஹ் இப்ராஹீம் 1968இல் இஸ்லாத்தை ஏற்றவர். 1974இல் அவர் பதிவு செய்த ‘மானன்பர்க்’ நிறவெறி ஆட்சிக்கு எதிரானோரின் கீதமாயிற்று. அதை வெளியிட்டவர், ஜோகன்னஸ்பர்க்கில் ‘கோஹினூர்’ என்னும் இசைத்தட்டுக் கடையை நடத்திவந்த, இந்திய வம்சாவளி முஸ்லிமான ரஷீத் வாலி. தம் வெளியீட்டுக்கு அவர் வைத்த பெயர் ‘அஷ்ஷம்ஸ்’, சூரியன். பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் நீளும் அவ்விசை பெரிய தட்டின் ஒரு பக்கத்தை முழுமையாக நிறைத்தது. ஒரு கடைக்காரர் துணிந்தமையால் ஒரு மக்களின் குரல் பிழைத்தது.

1980களில் கேசட் வந்ததும் செலவு குறைந்தது. தர்கா வாசல்களிலும் கடைத்தெருக்களிலும் இஸ்லாமியப் பாடல் கேசட்டுகள் குவிந்தன. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஏ.ஆர். ரஹ்மானின் தொடக்ககால ஆக்கங்களுள் ‘தீன் இசை மாலை’ என்னும் தொகுப்பும் ஒன்று. இன்று அந்தக் கேசட்டுகளை ஓட்டும் கருவியே பல வீடுகளில் இல்லை. நாடாக்கள் பூஞ்சை பிடித்துப் பரணில் கிடக்கின்றன. புகழ்பெற்ற பாடல்கள் கைப்பேசிக்குள் வந்துவிட்டன. சிறு பாடகர்கள் சொந்தச் செலவில் வெளியிட்டவை ஒவ்வொன்றாக மறைகின்றன.

இவற்றுக்கும் அப்பால், எந்தத் தட்டிலும் நாடாவிலும் ஏறாத குரல்கள் உண்டு. ரமளான் இரவுகளில் தப்ஸ் கொட்டி ஸஹருக்கு எழுப்பிய பக்கீர்ஷாக்களின் பாடல்கள் அவற்றுள் ஒன்று. அவர்களுக்குக் கிடைத்தது பெருநாளன்று வீட்டுக்கு வீடு கொடுத்த அரிசியும் காசும்தான். தொட்டிலருகே அமர்ந்து, அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்களின் பெயரையும் வலிமார்களின் பெயரையும் சேர்த்துப் பாட்டிமார் பாடிய தாலாட்டுகளும் அத்தகையனவே. திருமண வீடுகளில் பெண்கள் மட்டும் கூடிப் பாடியவை இன்னும் எத்தனையோ. இவற்றை விற்க யாரும் எண்ணவில்லை. விற்காததாலேயே அவை தூய்மையாக இருந்தன என்று நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் பாடியவர் மறைந்தால் பாடலும் மறையும் என்பதும் உண்மை.

சந்தை செய்யாததைக் குடும்பம் செய்தாக வேண்டும். இந்த வாரம் உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் சென்று, அவர்கள் நினைவில் உள்ள தாலாட்டையோ ஸஹர் பாடலையோ சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் இசைந்தால் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பெண்களின் குரல் வெளியே செல்வதை விரும்பாத குடும்பங்கள், பதிவை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். அதுவும் வேண்டாமெனில் சொற்களை ஏட்டில் எழுதி வையுங்கள். பாடியவர் பெயர், ஊர், யாரிடம் கற்றார், பதிவு செய்த நாள் ஆகிய நான்கையும் சேர்த்து எழுதுங்கள். இந்த நான்கும் இல்லாத பதிவு, பேரப்பிள்ளைகளுக்கு யாரோ ஒருவரின் குரலாகவே தோன்றும். பரணில் கேசட்டுகள் இருந்தால், அவற்றைக் குப்பையில் இடுமுன் அவற்றில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

மகபத் கானை நினைவில் வைத்திருக்க செஞ்சி மக்களுக்கு ஒரு கதைப்பாடல் இருந்தது. நம் பாட்டிமாரை நினைவில் வைத்திருக்க நம் பிள்ளைகளுக்கும் ஒன்று இருக்கட்டும். அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக.