புனித பிலோமினம்மாள்: பெயரும் பக்தியும்



பிலோமினா, பிலோமினாள், பிலோமின்ராஜ் என்ற பெயர்கள் நம் ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் புதியவை அல்ல. ஆனால், "பிலோமினாள் புனிதையே அல்லவாம், ரோமாபுரியே அவரை எடுத்துவிட்டதாம்" என்று பேச்சு எழும்போது, அப்பெயரைத் தாங்கிய நம் மூதாட்டியர் மனம் நோகக் கண்டிருக்கிறோம். ஆகவே, இந்த ஜூபிலி மலரில் அவர் வரலாற்றைச் சற்று ஆராய விரும்புகிறோம். உறுதியானது எது, கதை எது, பக்தி எது என்று பிரித்தறிவது விசுவாசத்துக்கு இழுக்கல்ல.

கல்லறையில் கண்டது

1802-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள், ரோமாபுரியில் சலாரியா சாலையிலுள்ள புனித பிரிஸ்கில்லா சுரங்கக் கல்லறையில் ஒரு குழி கண்டெடுக்கப்பட்டது. அதை மூடியிருந்த மூன்று ஓடுகளில் "லுமெனா", "பாக்ஸ் தே", "கும் ஃபி" என்று சிவப்பு மையால் எழுதியிருந்தது. முதல் ஓட்டைக் கடைசியில் வைத்தால், "பிலோமினாவே, சமாதானம் உன்னோடு" என்று பொருள் வரும். நங்கூரம், அம்பு, குருத்தோலை ஆகிய அடையாளங்களும் வரையப்பட்டிருந்தன. உள்ளே ஓர் இளம் பெண்ணின் எலும்புகளும், ஒரு கண்ணாடிக் குப்பியும் இருந்தன. கல்லறை சொன்னது இவ்வளவுதான். எந்த ஊர், யார் மகள், எப்படி இறந்தார் என்ற விவரம் ஒன்றும் அங்கே எழுதப்படவில்லை.

கதை வந்த விதம்

1805-இல் பிரான்செஸ்கோ தெ லூச்சியா என்ற குருவானவர் இத்திருப்பண்டங்களை நேப்பிள்ஸ் அருகிலுள்ள முஞ்ஞானோ என்ற சிற்றூருக்குக் கொண்டு சென்றார். அங்கே புதுமைகள் நடந்ததாக மக்கள் சாட்சி கூறினர். 1833-இல் நேப்பிள்ஸ் நகரக் கன்னிகையான மரிய லூயிசா தமக்குக் கிடைத்த வெளிப்பாடு என்று கூறிய வரலாறுதான் நாம் சிறு வயதில் கேட்ட கதை. கிரேக்க நாட்டு அரசகுமாரியான பிலோமினாள் தியோக்கிளேசியன் மன்னனை மணக்க மறுத்தார். நங்கூரத்தில் கட்டித் தீபர் நதியில் எறிந்தார்கள், அம்பெய்தார்கள், முடிவில் சிரச்சேதம் செய்தார்கள் என்பது அக்கதை. ஓடுகளில் கண்ட அடையாளங்கள் ஒவ்வொன்றுக்கும் இதில் விளக்கம் இருப்பதைக் கவனிக்கவும்.

1835-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் நாள், கடும் நோயுற்றிருந்த போலின் ஜாரிக்கோ அம்மையார் முஞ்ஞானோவில் சுகமடைந்தார். இவருடைய நண்பரான ஆர்ஸ் ஊர்ப் பங்குக்குரு புனித ஜான் மரிய வியான்னி தம் கோவிலில் பிலோமினம்மாளுக்குப் பீடம் எழுப்பினார். தம்மிடம் வந்தவர்கள் பெற்ற சுகத்தையெல்லாம் "அது அவர் செய்தது" என்று அப்புனிதைக்கே உரித்தாக்கினார். 1837-இல் பாப்பரசர் 16-ஆம் கிரகோரியார் திருவிழா கொண்டாட அனுமதி அளித்தார்.

நம் நாட்டுக்கு வந்த பக்தி

இதே ஜாரிக்கோ அம்மையாரின் முயற்சியால் 1822-இல் லியோன் நகரில் விசுவாசப் பரப்புதல் சபை பிறந்தது. பிரான்சு நாட்டு ஏழைத் தொழிலாளர் வாரம் ஒரு காசு கொடுத்துத் தூர தேசத்து மறைபரப்புப் பணிக்கு உதவினர். அக்காலத்தில் புதுச்சேரியிலும் மைசூரிலும் உழைத்தவர்கள் பாரீஸ் வேதபோதக சபையின் பிரெஞ்சுக் குருக்கள். அவர்கள் நாட்டில் பரவியிருந்த பக்தி அவர்களோடு இங்கும் வந்தது வியப்பல்ல.

நமக்கு மைசூரோடு உள்ள உறவும் பழையது. 1930-இல் சேலம் மறைமாவட்டம் உருவானபோது புதுச்சேரி, கும்பகோணம், மைசூர் ஆகிய மூன்றின் பகுதிகளும் அதில் சேர்ந்தன. 1997 முதல் நாம் தருமபுரி மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். எனினும் பெங்களூர் வழியாகப் பஸ் ஏறி மைசூர் பிலோமினம்மாள் பேராலயத்தைத் தரிசிக்கும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. அங்கிருந்த பழைய ஆலயத்துக்குப் பதிலாக, 1933-ஆம் ஆண்டு அக்டோபர் 28-இல் இன்றைய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டியவர் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார். இந்து மன்னர் ஒருவர் கல் நாட்டிய ஆலயத்தில், பீடத்தின் கீழே நிலவறையில் பள்ளிகொண்ட புனிதையின் சுரூபத்தைத் தமிழரும் கன்னடரும் சேர்ந்து வணங்குகிறார்கள்.

1961-இல் நடந்தது

1904-லேயே மாருக்கி என்ற அறிஞர், அந்த ஓடுகள் வேறொரு கல்லறையிலிருந்து எடுத்து மறுபடி பயன்படுத்தப்பட்டவை என்று வாதிட்டார். அப்படியானால் எழுதிய பெயர் ஒருவருடையது, எலும்புகள் மற்றொருவருடையது ஆகலாம். வேதசாட்சியின் இரத்தம் எனக் கருதிய குப்பியும் அதற்குப் போதிய சான்றல்ல என்று பின்வந்தோர் கூறினர். 1961-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-இல் ரோமைத் திருச்சபை அவர் திருவிழாவைத் திருவழிபாட்டு நாட்காட்டிகளிலிருந்து நீக்கியது.

நீக்கப்பட்டது திருவிழாவே. "அப்படி ஒருவர் இருந்ததே இல்லை" என்று திருச்சபை தீர்ப்புக் கூறவில்லை. தனிப்பட்ட பக்தியையும் தடை செய்யவில்லை. முஞ்ஞானோவில் இன்றும் விழா நடக்கிறது. மைசூர்ப் பேராலயமும் தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.

நம் கடமை

ஆகவே நம் பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்வோம். அரசகுமாரியின் கதையைக் கதை என்றே சொல்வோம். நடந்த சரித்திரம் என்று சாதிக்க வேண்டாம். அதே வேளையில், பேறுகால வேதனையிலும் பிள்ளையின் காய்ச்சலிலும் "பிலோமினம்மாளே, வேண்டிக்கொள்ளும்" என்று கண்ணீர் விட்ட நம் பாட்டிமாரை எள்ளி நகையாடவும் வேண்டாம். அவர்களுடைய மன்றாட்டைக் கேட்டவர் கடவுள். அந்த மன்றாட்டு பொய்யாகாது.

வேலை தேடிப் பல மாவட்டங்களிலிருந்து ஓசூருக்கு வந்த குடும்பங்கள் இன்று நம் பங்குகளில் அருகருகே அமர்ந்து திருப்பலி காண்கின்றன. ஒவ்வொருவரும் தம் ஊர்ப் புனிதரைத் தம்மோடு கொண்டு வந்திருக்கிறோம். ஊரும் பேரும் விளங்காத ஒரு பெண்ணை அடக்கம் செய்தவர்கள் அவளுக்குச் சமாதானத்தையே வேண்டினார்கள். அதே சமாதானம் இந்த ஜூபிலி ஆண்டில் நம் இல்லந்தோறும் தங்குக என வேண்டுகிறோம்.