சாய்வுக் கூரைக்கு மின்விசிறி: தண்டின் நீளமே முதன்மை

கேரளம், இமாச்சலப் பிரதேசம், மேகாலயம் முதலிய மாநிலங்களில் சாய்வுக் கூரை வீடுகள் பரவலாக உள்ளன. இவற்றுக்கு மின்விசிறி வாங்குவோர், இறக்கையின் அளவோடு 'ராடு' எனப்படும் தொங்குதண்டின் நீளத்தையும் கணக்கிடுதல் அவசியம்.

கூரைக்கும் இறக்கைகளுக்கும் இடையே குறைந்தது 30 செ.மீ., தரைக்கும் விசிறியின் அடிப்பகுதிக்கும் இடையே குறைந்தது 2.4 மீட்டர் இடைவெளி வேண்டும்.

1,200 மி.மீ. விசிறியில் இறக்கை முனை மையத்திலிருந்து 60 செ.மீ. தொலைவில் சுழல்கிறது. 30 பாகை சாய்வுள்ள கூரை, அத்தொலைவில் சுமார் 35 செ.மீ. தாழ்ந்துவிடும். ஆகவே, கூரையில் விசிறி தொங்கும் இடத்திலிருந்து குறைந்தது 65 செ.மீ. கீழே இறக்கைகள் அமைய வேண்டும். விசிறியுடன் வழக்கமாக வரும் குட்டையான தண்டு இதற்குப் போதாது; நீளமான தண்டைத் தனியாக வாங்க வேண்டும். மிக உயரத்தில் சுழலும் விசிறியின் காற்று, கீழே அமர்ந்திருப்போரைப் போதிய அளவில் எட்டாது.

கொக்கியை உத்திரத்தில் உறுதியாகப் பொருத்த வேண்டும். ஃபால்ஸ் சீலிங் பலகை, விசிறியின் எடையையும் அதிர்வையும் தாங்காது.

கூரை மின்விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாகும். வழக்கமான விசிறிக்குச் சுமார் 75 வாட் மின்சாரம் தேவை, பி.எல்.டி.சி. மோட்டார் விசிறிக்குச் சுமார் 30 வாட் போதும்.