முகப்புத் தட்டு தரும் சான்று



கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியும் வரலாற்றுச் சான்றுகள் என்று பள்ளியில் கற்கிறோம். அவற்றின் பெருமையில் ஐயமில்லை. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் இரும்பிலும் பித்தளையிலும் பொறித்த எழுத்துகளையும் படிக்கப் பழகுதல் வேண்டும். அத்தகைய சான்று ஒன்றை இப்போது எடுத்துக்கொள்வோம். அது பழைய சிறு மோட்டார் சைக்கிள்களில் பொருத்தப்பட்டிருந்த வேகமானி. உள்ளங்கையில் அடங்கும் கருவிதான். அதனால்தானோ என்னவோ, பழைய வண்டிகளைப் புதுப்பிப்போர் பலர் அதன் அருமையை அறியாமலே அதனை அழித்துவிடுகின்றனர்.

இரண்டாம் உலகப்போர் மூளும் காலத்தில் ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. நிறுவனம் ஆர்.டி. 125 என்னும் எளிய, இலேசான மோட்டார் சைக்கிளை உருவாக்கியது. போரில் ஜெர்மனி தோற்றது. அந்த வண்டியின் வரைபடங்களும் உரிமைகளும் வென்றோர் கைக்குச் சென்றன. சோவியத் நாட்டில் 1946-இல் அது மாஸ்க்வா என்ற பெயரில் வெளிவந்தது. அமெரிக்காவில் ஹார்லி-டேவிட்சன் நிறுவனம் அதனைத் தழுவி ஒரு சிறு வண்டி செய்தது. இங்கிலாந்தில் பி.எஸ்.ஏ. நிறுவனம், எஞ்சினைக் கண்ணாடியில் தெரியும் உருவம்போல் இடவலம் மாற்றி அமைத்து, 1948-இல் பாண்டம் எனப் பெயரிட்டது. 1955-இல் ஜப்பானின் யமஹா நிறுவனம் வெளியிட்ட முதல் மோட்டார் சைக்கிளும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. எஞ்சினை மட்டும் பார்த்தால் இவை உடன்பிறந்தவை. முகப்புத் தட்டைப் பார்த்தால் வேற்றுமை விளங்கும். பர்மிங்ஹாமில் செய்த வண்டி மைலில் பேசும். ஜெர்மனி, ரஷ்யா, ஜப்பான் நாடுகளின் வண்டிகள் கிலோமீட்டரில் பேசும். எந்த நாட்டுச் சாலைக்காக ஒரு வண்டி பிறந்தது என்பதை அதன் வேகமானியே முதலில் சொல்லிவிடும்.

வேகமானி எல்லா வண்டிகளிலும் தொடக்கம் முதலே இருந்ததில்லை. இங்கிலாந்தில் 1930-களில் கூட அது தனி விலை கொடுத்து வாங்கவேண்டிய அணிகலனாகவே பெரும்பாலும் இருந்தது. 1935-இல் வீடுகள் நெருங்கிய பகுதிகளின் சாலைகளில் மணிக்கு 30 மைல் என்னும் வரம்பு விதிக்கப்பட்டது. வரம்பை விதித்த அரசு, அதனை மீறாதிருக்க வழியும் காட்டவேண்டும் அல்லவா? 1937 அக்டோபர் 1 முதல் புதிதாகச் சாலைக்கு வரும் வண்டிகளில் வேகமானி கட்டாயமாயிற்று. இவ்விதியில் ஒரு விலக்கையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். 100 சி.சி.க்கு மேற்படாத பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு அது தேவையில்லை. ஆகவே வில்லியர்ஸ் 98 சி.சி. எஞ்சின் பூட்டிய ஒரு பழைய வண்டியில் வேகமானி இல்லையென்றால், அது தொலைந்துபோயிற்று என்று முடிவு கட்டுதல் கூடாது. ஒருபோதும் இல்லாததை இருந்ததாக எண்ணிச் சேர்ப்பதும் வரலாற்றுப் பிழையே.

பிரிட்டிஷ் வண்டிகளின் வேகமானிகளில் மிகுதியானவற்றைச் செய்தது ஸ்மித்ஸ் நிறுவனம். அது 1851-இல் லண்டனில் கடிகாரக் கடையாகத் தொடங்கியது. எவரெஸ்ட் சிகரத்தை வென்ற 1953-ஆம் ஆண்டுக் குழுவினர்க்குக் கைக்கடிகாரங்கள் வழங்கியோருள் அதுவும் ஒன்று. இக்கடிகார மரபு வேகமானிக்குள்ளும் புகுந்தது. அதன் க்ரோனோமெட்ரிக் வகைக்குள் ஒரு சிறு கடிகாரப் பொறியே உண்டு. அப்பொறி, ஒரு பற்சக்கரத்தைக் குறுகிய, மாறாத ஒரு கால அளவுக்கு மட்டும் கேபிளின் சுழற்சியோடு இணைத்து, உடனே விடுவிக்கும். அக்காலத்துள் சக்கரம் எவ்வளவு திரும்பிற்றோ அவ்வளவே வேகம். முள் அந்த அளவுக்கு நகர்ந்து நிற்கும். அடுத்த அளவை வந்ததும் மீண்டும் நகரும். எனவே இவ்வகையில் முள் வழுக்கிச் செல்லாது, தத்தித் தத்திச் செல்லும்.

மற்றொரு வகை காந்தத்தால் இயங்குவது. ஓட்டோ ஷுல்ட்ஸே என்பவர் 1902-இல் இதற்குக் காப்புரிமை கோரினார். கேபிளின் முனையில் ஒரு காந்தம் சுழலும். அதனைத் தொடாமல், மிக அருகில் ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கும். அலுமினியத்தைக் காந்தம் கவராது என்பது நீங்கள் அறிந்ததே. ஆயினும் சுழலும் காந்தம் அக்கிண்ணத்தில் சுழல் மின்னோட்டங்களை எழுப்ப, கிண்ணம் காந்தத்தைப் பின்தொடர முயலும். மயிரிழைச் சுருள்வில் ஒன்று அதனைப் பிடித்து இழுக்கும். இவ்விரு இழுப்புகளும் சமனாகும் இடத்தில் முள் நிற்கும். பௌதிக வகுப்பில் இதனைவிட அழகிய எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது என்பேன். விலையும் குறைவு, ஆகையால் சிறு வண்டிகளுக்கு ஏற்றதாயிற்று. 1960-களின் நடுவில் பெரிய பிரிட்டிஷ் வண்டிகளும் இவ்வகைக்கே மாறின.

இனி, கையிற் கிடைத்த வேகமானி வண்டிக்கு உரியதுதானா என்று அறிவது எவ்வாறு? முகப்புத் தட்டின் அடிப்பகுதியில் சிறிய எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். பிற்கால ஸ்மித்ஸ் கருவிகளில் எஸ்.சி. என்று தொடங்கினால் க்ரோனோமெட்ரிக், எஸ்.எஸ்.எம். என்று தொடங்கினால் காந்த வகை. பல தட்டுகளில் 1600 போன்ற ஒரு தனி எண்ணும் காணப்படும். வண்டி ஒரு மைல் செல்லும்போது கேபிள் எத்தனை முறை சுழலவேண்டும் என்பதே அதன் பொருள். கிலோமீட்டர்த் தட்டுகளில் அதே இடத்தில் 1000 என்றிருக்கும். ஒரு மைலுக்கு 1.609 கிலோமீட்டர் என்று கொண்டு வகுத்துப் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றே என்பது புலப்படும். 125 சி.சி. வண்டி ஒன்றில் 120 மைல் வரை எண்கள் எழுதிய தட்டு இருக்குமானால், அது வேறொரு பெரிய வண்டியிலிருந்து வந்தது என்பதைக் குறியீட்டைப் பாராமலே சொல்லிவிடலாம்.

புதுப்பிக்கும் பணியில்தான் இடர்கள் மிகுதி. க்ரோனோமெட்ரிக் கருவியின் விளிம்பு வளையம் திருகு மரையுடையது; பொறுமையாகத் திருகினால் கழன்றுவிடும். காந்த வகையின் வளையமோ உறைமீது மடித்து இறுக்கப்பட்டது. அதனைச் சிறிது சிறிதாக நிமிர்த்தவேண்டும், அவசரப்பட்டால் கிழிந்துபோகும். கேபிளின் மேல்முனைவரை கிரீஸ் பூசுவதும் கேடு. அது மெல்ல ஏறிக் காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் இடையே படிந்தால், நிற்கவேண்டிய இடத்துக்கு அப்பால் முள் இழுக்கப்படும்.

இவற்றினும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இருளில் ஒளிர்வதற்காகப் பழைய கருவிகள் சிலவற்றில் எண்கள்மீதும் முள்மீதும் ரேடியம் கலந்த பூச்சு தீட்டினார்கள். இன்று அப்பூச்சு ஒளிராது. ஒளிரவில்லை என்பதால் நஞ்சு தீர்ந்தது என்று எண்ணிவிடலாகாது. ஒளி தந்தது அதிலிருந்த துத்தநாக சல்ஃபைடு, தேய்ந்துபோனது அதுவே. ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ 1600 ஆண்டுகள் ஆகும். பழுப்பேறித் தடித்த பூச்சைக் கண்டால் அதனைச் சுரண்டுவதும், தூளை ஊதித் துடைப்பதும் உயிரோடு விளையாடுவதாகும். கதிரியக்கம் அறிந்தவரிடம் காட்டும்வரை அக்கருவியைத் திறவாமல் வைப்பதே அறிவுடைமை.

முகப்பை முழுதும் அழித்துப் புதிதாக எழுதுவோரும், ஓடிய மைல்களைக் காட்டும் எண் சக்கரங்களைச் சுழியத்துக்குத் திருப்புவோரும் உளர். பார்வைக்கு அழகுதான். ஆனால் அந்த எண், எவரோ ஒருவர் மழையிலும் வெயிலிலும் வேலைக்குச் சென்று வந்த வாழ்நாளின் கணக்கு. மாற்றியே தீரவேண்டிய நிலை வந்தால், பழைய எண்ணையும் குறியீட்டையும் படமெடுத்து எழுதிவைத்த பின்னரே கைவைக்கவேண்டும் என்பது என் துணிபு. விற்கும்போது அதனை மறைப்பவரைப் பொய்ச் செப்பேடு செய்தவரோடு ஒரே வரிசையில்தான் வைப்பேன்.

எல்லாம் பூட்டிய பிறகு சரிபார்க்க ஓர் எளிய முறை உண்டு. வேகமானியிலிருந்து கேபிளைக் கழற்றி, அதன் நுனியில் ஒரு துண்டு அட்டையைச் செருகுங்கள். தரையில் 52 அடி 9½ அங்குலம் அளந்து கோடிடுங்கள்; அது ஒரு மைலில் நூற்றில் ஒரு பங்கு. வண்டியை நேராகத் தள்ளிச் சென்று, அட்டை எத்தனை முறை சுழல்கிறது என்று எண்ணுங்கள். தட்டில் 1600 என்றிருந்தால் பதினாறு சுற்று வரவேண்டும். பன்னிரண்டோ இருபதோ வந்தால், டயரின் அளவையும் கேபிளை ஓட்டும் பற்சக்கரத்தையும் முதலில் பாருங்கள். அவை சரியாக இருப்பின், அந்த வேகமானி வேறொரு வண்டியினுடையது.