தொட்டிலும் தாயின் கூலியும்

கம்பம் பள்ளத்தாக்கில் பொழுது புலருமுன்னே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. கம்பம், போடி, உத்தமபாளையம் வட்டாரத்துப் பெண்கள் அவற்றில் நெருக்கி அமர்ந்து, மலைச்சாலை வழியே இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர். மாலையில் இறங்கி வருகின்றனர். சென்ற நாளுக்கே கூலி. அத்தகையதொரு வீட்டில் குழந்தை பிறந்தால் நம்மைப் போன்ற சிறு சங்கங்கள் செய்வது என்ன? சோப்பு, பவுடர், சட்டை, துண்டு ஆகியவற்றை ஒரு பையில் இட்டுக் கொடுத்துவிட்டு நிறைவோடு திரும்புகிறோம். அந்த நிறைவு சரிதானா என்று வரலாற்றிடம் சற்றுக் கேட்போம்.

1617ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். பிரான்சு நாட்டுச் சாத்தியோன் என்னும் சிற்றூரில் பங்குப்பணி ஆற்றிய வின்சென்ட் தே பவுல், ஒரு வீட்டில் அனைவருமே நோயுற்றுக் கிடப்பதை ஞாயிறு மறையுரையில் எடுத்துரைத்தார். அன்று மாலையே ஊர்ப்பெண்கள் உணவோடு அவ்வீடு நோக்கித் திரண்டனர். வழியில் அக்கூட்டத்தைக் கண்ட அவர் மகிழ்ந்தார், கவலையும் கொண்டார். இன்று குவியும் உணவு கெட்டுப்போகும். நாளை அக்குடும்பம் மீண்டும் பட்டினி கிடக்குமே! அன்பு இருந்தது, ஒழுங்கு இல்லை. எனவே நாளுக்கொருவராக முறைவைத்து உதவும் பெண்கள் சங்கத்தை அவ்வாண்டிலேயே நிறுவினார். அதன் விதிகளில் ஒன்று நம் நெஞ்சைத் தொடுகிறது: துணையுள்ள நோயாளியை முதலில் காண வேண்டும், துணையற்றவரை இறுதியில் காண வேண்டும், அப்போதுதான் அவரோடு நெடுநேரம் இருக்க முடியும். பொருளோடு நேரமும் கொடை என்பதை அவர் அறிந்திருந்தார்.

பின்லாந்து நாடு 1938 முதல் ஏழைத் தாய்மார்க்குக் குழந்தை உடைகளும் துணிகளும் அடங்கிய பெட்டியை வழங்கியது. 1949இல் அது எல்லாத் தாய்மாருக்கும் உரியதாயிற்று. பெட்டி பெறுபவள் ஏழை என்னும் அடையாளம் அதனால் நீங்கிற்று. பேறுகாலத்தின் தொடக்கத்திலேயே மருத்துவரிடமோ மருத்துவ நிலையத்திலோ காட்டிக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. பெட்டி வேண்டாதவர் பணமாகவும் பெறலாம். முடிவு தாயினுடையது.

நம் மண்ணுக்கு வருவோம். ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அப்பால் உசிலம்பட்டி வட்டாரத்தில் நிகழ்ந்த பெண்சிசுக் கொலைகள் 1980களில் நாட்டையே உலுக்கின. வறுமை மட்டுமே காரணமன்று. வரதட்சணையும் சீர்வரிசையும் ஆண்பிள்ளை மோகமும் சேர்ந்தே அக்கொடுமையை வளர்த்தன. 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது. 2001இல் தேனி உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. அத்தொட்டில்கள் உயிர்களைக் காத்தன. அதை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் 'வளர்க்க இயலாவிடில் எங்களிடம் தாருங்கள்' என்பதே தொட்டிலின் மொழி. 'நீங்களே வளர்ப்பதற்கு என்ன வேண்டும்?' என்ற கேள்வி வேறு.

அக்கேள்விக்கு ஓரளவு விடையாக அமைந்தது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி. பேறுகாலத்தில் இழக்கும் கூலியை ஈடுசெய்வதும் ஊட்டம் தருவதும் அதன் நோக்கம். 1980களின் பிற்பகுதியில் 300 ரூபாயாக இருந்த அது, 1995இல் 500, 2006இல் 6,000, 2011இல் 12,000 என வளர்ந்து, 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய் ஆயிற்று. 2015இல் 16 பொருள்கள் கொண்ட குழந்தை நலப் பரிசுப் பெட்டகமும் அரசு மருத்துவமனைகளில் வழங்கப்பட்டது. அரசே பை கொடுத்த பின்னரும் நாம் மற்றொரு பை கொடுக்க வேண்டுமா?

நம் வீடுகளில் பச்சிளங்குழந்தைக்கு முதலில் சுற்றுவது பாட்டியின் பழம்புடவைத் துணியை. தூளி கட்டுவதும் தாயின் சேலையிலேதான். ஆக, துணியும் தொட்டிலும் பெரும்பாலும் வீட்டிலேயே உண்டு. இல்லாதது, அந்தத் தாய் ஜீப்பில் ஏறாமல் இருக்கக்கூடிய நாள்கள். அவள் பிள்ளையை விட்டு விரைவில் வேலைக்குப் போனால் தாய்ப்பால் குறைகிறது. உடனே பால்மாவு டின் வாங்கிக் கொடுக்க நல்லமனம் துடிக்கும். ஆனால் ஆதரவற்றோர் இல்லங்களுக்கு அன்றி வேறெவர்க்கும் பால்மாவையோ பால்புட்டியையோ நன்கொடையாக வழங்குவதை 1992ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அந்த டின்னுக்கு ஆகும் தொகையைத் தாயின் கையிலேயே கூலியாகக் கொடுத்தால் அவள் சில நாள்களாவது பிள்ளையோடு இருப்பாள் அன்றோ?

கொடுப்பதில் இன்னொரு பாடத்தை நம் ஊர் மொய் கற்பிக்கிறது. இன்று பெறுபவர் நாளை செய்பவர். ஆதலால் வாங்கும் கை கூசுவதில்லை. நம் உதவியோ, பை கொடுக்கும்போது புகைப்படமும் எடுத்துக்கொள்கிறது.

எனவே நாம் மாற வேண்டியது சிலவற்றில்தான். குழந்தை பிறந்தபின் செல்லாமல், ஏழாம் மாதத்திலேயே இருவராகச் சென்று காண்போம். என்ன வேண்டும் என்று முதலில் கேட்போம். ஒரே நாளில் தருவதை வாரந்தோறும் பகிர்ந்து தருவோம். அரசு உதவிக்கு விண்ணப்பிக்கத் துணை நிற்போம். முன்னர் உதவி பெற்ற தாயையே அடுத்த வீட்டுக்கு நம்மோடு அழைத்துச் செல்வோம். சோப்பும் சட்டையும் வேண்டும் என அவள் சொன்னால், அதையும் மகிழ்வோடு வாங்கிக் கொடுப்போம்.